ஒரே டைபோல், பல பேண்டுகள்: ட்யூனரோடு இணைப்பது எப்படி?

ஹாம் ரேடியோவில் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) ஒரு டைபோல், அதாவது நடுவில் இணைப்புக் கொடுத்த இரண்டு கைக் கம்பி ஆன்டெனா, கட்டியாயிற்று. 7.1 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3 காட்டுகிறது. நிலையங்கள் நன்றாகக் கேட்கின்றன, கூப்பிட்டால் பதிலும் வருகிறது. அப்புறம் ஆசை வரத்தான் செய்யும்: இதே கம்பியில் 14 மெகாஹெர்ட்ஸிலும் பேசினால் என்ன? அங்கே போனதும் மீட்டர் முள் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பொருத்தத்தைச் சரிசெய்யும் ட்யூனர் ஒன்றை வாங்கி ரிக்குக்கும் (ரேடியோவுக்கும்) கேபிளுக்கும் நடுவில் வைக்கிறோம். முள் 1:1-க்கு இறங்கிவிடுகிறது. ஆனாலும் நம் அழைப்பு யார் காதிலும் விழுவதில்லை.

ட்யூனர் பழுது, அலைபரவல் சரியில்லை, டைபோல் தாழ்வாக இருக்கிறது என்று காரணங்களைத் தேடுவோம். பெரும்பாலும் குற்றவாளி இவை எதுவும் கிடையாது. ட்யூனருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே சக்தியைக் கொண்டுபோகும் ஃபீட்லைன், அதாவது கோஆக்ஸ் கேபிள்தான். ட்யூனர் எது வாங்கலாம் என்று கேட்கும் புதியவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஃபீட்லைன் என்ன, எவ்வளவு நீளம்?" என்றுதான்.

டைபோல் ஒவ்வொரு பேண்டிலும் என்ன காட்டுகிறது

அரை அலைநீள டைபோலின் மொத்த நீளத்துக்குக் கணக்கு எளிது: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.1 மீட்டர், அதாவது கைக்குப் பத்து மீட்டர். இந்த நீளத்தில் மின்னோட்டம் நடுவில் உச்சமாகவும் மின்னழுத்தம் இரு முனைகளிலும் உச்சமாகவும் இருக்கும். நடுவில் மின்னோட்டம் அதிகம், அழுத்தம் குறைவு என்பதால் இம்பீடன்ஸும் (அழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்) குறைவு. சுற்றிலும் எதுவும் இல்லாத வெட்டவெளியில் அது சுமார் 73 ஓம். தரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும், ஆனால் 50 ஓம் கோஆக்ஸோடு ஒத்துப்போகும் அளவிலேயே இருக்கும்.

அதே கம்பி 14 மெகாஹெர்ட்ஸில் (20 மீட்டர் பேண்ட்) ஏறக்குறைய முழு அலைநீளம் ஆகிவிடுகிறது. இப்போது நடுப்புள்ளியில் மின்னோட்டம் சொற்பம், அழுத்தம் உச்சம். இம்பீடன்ஸ் சில ஆயிரம் ஓமுக்கு எகிறும். கணக்குக்கு 3000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஓம் கேபிளில் அது 60:1 எஸ்.டபிள்யூ.ஆர்.

21 மெகாஹெர்ட்ஸில் (15 மீட்டர் பேண்ட்) கம்பி மூன்று அரை அலைநீளம். மறுபடியும் நடுவில் மின்னோட்டம் உச்சம், இம்பீடன்ஸ் சுமார் 100 ஓம். 40 மீட்டர் டைபோல் 15 மீட்டரிலும் வேலை செய்யும் என்று பழைய ஹாம்கள் சொல்வது இதனால்தான். சின்னச் சிக்கல் ஒன்று உண்டு. கம்பியின் முனை விளைவு இரண்டு ஓரங்களில் மட்டுமே வருவதால், மூன்றாம் ஒத்ததிர்வு சரியாக மூன்று மடங்கில் விழாது. சற்று மேலே, 22 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் போய் விழும். பேண்டுக்குள் எஸ்.டபிள்யூ.ஆர் கொஞ்சம் கூடவே தெரியும். ரிக்குக்குள்ளேயே இருக்கும் ட்யூனர் பொதுவாக 3:1 வரை சமாளிக்கும், அதுவே இங்கே போதும்.

28 மெகாஹெர்ட்ஸ் (10 மீட்டர் பேண்ட்) மறுபடி உயர் இம்பீடன்ஸ். 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் இடைப்பட்டவை. அங்கே ரெசிஸ்டன்ஸோடு பெரிய ரியாக்டன்ஸும் (சக்தியைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்பும் எதிர்ப்பு) சேர்ந்து நிற்கும். 3.6 மெகாஹெர்ட்ஸில் (80 மீட்டர் பேண்ட்) நிலைமை படுமோசம்: கம்பி வெறும் கால் அலைநீளம், ரெசிஸ்டன்ஸ் பத்துப் பன்னிரண்டு ஓம், அதன் தலைமேல் ஏறத்தாழ 900 ஓம் கபாசிட்டிவ் ரியாக்டன்ஸ். கோஆக்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர் ஆயிரத்தைத் தாண்டும்.

சக்தி எங்கே போகிறது

ட்யூனர் செய்வது ஒரே காரியம். தன் வெளிவாயிலில் தெரியும் இம்பீடன்ஸை உள்வாயிலில் 50 ஓமாக மாற்றிக் காட்டுகிறது. ரிக் நிம்மதியாக முழுச் சக்தியையும் தள்ளுகிறது. ட்யூனருக்கு அப்பால், ஃபீட்லைனில் 60:1 அப்படியே இருக்கிறது. ஆன்டெனாவில் பட்டுத் திரும்பும் சக்தி ட்யூனரில் மோதி மறுபடி ஆன்டெனா பக்கம் போகிறது, திரும்ப வருகிறது, திரும்பப் போகிறது. ஃபீட்லைனில் இழப்பே இல்லையென்றால் கடைசியில் எல்லாமே ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் கோஆக்ஸ் ஒவ்வொரு நடைக்கும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் விடுகிறது.

எண்ணில் பார்ப்போம். 20 மீட்டர் நீள ஆர்ஜி-58 கேபிள், 14 மெகாஹெர்ட்ஸ். எல்லாம் பொருந்தியிருந்தால் இழப்பு சுமார் 1 டெசிபெல்தான். அதே கேபிளின் மறுமுனையில் 60:1 இருந்தால் மொத்த இழப்பு 9 டெசிபெல் ஆகிறது. 100 வாட் உள்ளே போனால் ஆன்டெனாவுக்குக் கிடைப்பது 12, 13 வாட். மீதியெல்லாம் கேபிளைச் சூடாக்குகிறது. தடிமனான ஆர்ஜி-213 போட்டாலும் கால்வாசி தேறினால் அதிகம். 80 மீட்டரில் அந்த ஆர்ஜி-58 வழியாக முயன்றால் ஓரிரு வாட் போய்ச் சேரும்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் சேர்ந்திருக்கிறது. திரும்பி வரும் அலையும் கேபிளில் தேய்ந்துதான் வருகிறது, ஆகவே மீட்டர் அதைக் குறைவாகவே பார்க்கிறது. ஆன்டெனாவில் 60 இருப்பது ரிக் பக்கத்தில் 7, 8 என்று தெரியும். கேபிள் மோசமாக மோசமாக மீட்டர் அழகாகத் தெரியும்! 1:1 என்பதை வைத்து ஆன்டெனாவை எடைபோடாதீர்கள். சக்தியை வெறும் சூடாக்கிவிடும் டம்மி லோடும் 1:1 காட்டும். அதில் யாரோடும் பேச முடியாது.

சரி, கோஆக்ஸை எடுத்துவிட்டு 450 ஓம் லேடர் லைன் (ஏணிபோல் இடைவெளி விட்டு ஓடும் இரட்டைக் கம்பி) போட்டால்? அதே 3000 ஓம் இப்போது சுமார் 7:1. லைனின் சொந்த இழப்பே மிகச் சிறியது என்பதால் 20 மீட்டர் நீளத்துக்கு மொத்த இழப்பு அரை டெசிபெலைத் தாண்டாது. 100 வாட்டில் தொண்ணூறு போய்ச் சேருகிறது. கம்பி, உயரம், ட்யூனர் எதையும் மாற்றவில்லை, ஃபீட்லைனை மட்டும் மாற்றியதற்குக் கிடைத்த பலன் இது.

உங்களுக்கு எந்த வழி

40 மீட்டரும் 15 மீட்டரும் போதுமென்றால் கோஆக்ஸையே வைத்துக்கொள்ளுங்கள், எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று குறிப்பிட்ட பேண்டுகள் மட்டும் வேண்டுமென்றால் ஒரே நடுப்புள்ளியிலிருந்து பேண்டுக்கு ஒரு ஜோடி கம்பியாக விரித்துக் கட்டும் விசிறி டைபோல் நல்லது, ட்யூனரே தேவைப்படாது; என்ன, ஒரு ஜோடியின் நீளத்தை வெட்டினால் இன்னொன்று நகரும், பொறுமை வேண்டும். லேடர் லைனை வீட்டுக்குள் கொண்டுவர வழியே இல்லாதவர்கள் ஆன்டெனாவின் நடுவிலேயே ஒரு தானியங்கி ட்யூனரைத் தொங்கவிடலாம். அப்போது பொருந்தாத பகுதி கேபிளில் இராது. செலவு கூடும், பழுதானால் ஏறி இறங்க வேண்டும்.

பல பேண்டுகளில் திரிய விரும்பும் புதியவருக்கு என் ஓட்டு, லேடர் லைன் போட்ட டைபோலுக்குத்தான். இனிச் சொல்வதெல்லாம் அதற்கான படிகள்.

படி 1: கம்பியின் நீளம்

இந்த முறையில் கம்பி எந்தப் பேண்டிலும் ஒத்ததிர வேண்டிய கட்டாயம் இல்லை. சென்டிமீட்டர் கணக்கில் வெட்டி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே விதி: நீங்கள் பயன்படுத்தப்போகும் மிகக் கீழான பேண்டில் கம்பி குறைந்தது எட்டில் மூன்று பங்கு அலைநீளமாவது இருக்க வேண்டும். 40 மீட்டருக்கு அது சுமார் 16 மீட்டர், 80 மீட்டருக்கு சுமார் 31 மீட்டர். அதற்கும் கீழே போனால் ரெசிஸ்டன்ஸ் விழுந்து ரியாக்டன்ஸ் ஏறி, லேடர் லைனும் ட்யூனரும்கூடத் திணறும். ஏற்கெனவே இருக்கும் 20 மீட்டர் கம்பி 40 முதல் 10 மீட்டர் வரை தாராளமாகப் போதும்.

இரண்டு கைகளும் சம நீளமாக இருக்கட்டும். எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம். முனைகளில் அழுத்தம் அதிகம் என்பதால் ஆளோ குழந்தையோ எட்டித் தொட முடியாத இடத்தில் கட்டுங்கள். மின்கம்பி எங்கே போகிறது என்று கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஆன்டெனா அறுந்து எப்படி விழுந்தாலும் அதன்மேல் விழக் கூடாது, தூக்கிக் கட்டும்போதும் படக் கூடாது.

படி 2: லேடர் லைனை இழுப்பது

லேடர் லைனின் இரண்டு கம்பிகளிலும் சம அளவு மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறது. அந்தச் சமநிலை கெடாமல் பார்ப்பதுதான் முழு வேலையும். இரும்புக் குழாய், ஜன்னல் கம்பி, தகரம் இவற்றோடு ஒட்டாமல், லைனின் அகலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு தள்ளியே கொண்டுவாருங்கள். கம்பத்தோடு சேர்த்து டேப் சுற்றுவது, தரையில் கிடத்துவது, மிச்சத்தைச் சுருட்டி வைப்பது எல்லாம் கோஆக்ஸுக்குச் சரி, இதற்கு ஆகாது. தட்டையான ஜன்னல் வகை (நடுப் பிளாஸ்டிக்கில் இடையிடையே ஓட்டை உள்ள) லைன் என்றால் மீட்டருக்கு ஓரிரு முறுக்குக் கொடுத்துத் தொங்கவிடுங்கள், காற்றில் படபடக்காது. ஆன்டெனாவிலிருந்து முடிந்தவரை செங்குத்தாக இறக்குங்கள். ஒரு கையை ஒட்டியே ஓடினால் சமநிலை போய்விடும்.

நீளத்தையும் கொஞ்சம் யோசித்து முடிவு செய்யலாம். லைன் அரை அலைநீளமாக இருந்தால் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் அப்படியே கீழே வந்து நிற்கும். கால் அலைநீளமாக இருந்தால் தலைகீழாக மாறும், மேலே 3000 ஓம் என்றால் கீழே 70 ஓம்போலத் தெரியும். ஜன்னல் வகை லேடர் லைனின் வேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் அலை அதில் ஓடும் வேகம்) சுமார் 0.9. அதன்படி 14.3 மீட்டர் லைன் 20 மீட்டர் பேண்டில் முக்கால் அலைநீளம், ட்யூனருக்கு லட்டு. ஆனால் அதே 14.3 மீட்டர் 10 மீட்டர் பேண்டில் ஒன்றரை அலைநீளம் ஆகி, மேலே உள்ள உயர் இம்பீடன்ஸை அப்படியே கொண்டுவந்து இறக்கும். 20 மீட்டர் கம்பிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 13 மீட்டர் லைன் 40, 20, 15, 10 நான்கிலும் ட்யூனர் சமாளிக்கும்படியான இடத்தில் வருகிறது. உங்கள் கட்டடத்துக்கு அந்த நீளம் ஒத்துவந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

படி 3: பாலன்

லேடர் லைன் சமநிலை உள்ளது. ரிக்கும் பெரும்பாலான ட்யூனர்களும் ஒரு பக்கம் தரையோடு சேர்ந்தவை. இரண்டுக்கும் நடுவே பாலன் வேண்டும். கடைகளில் இதற்கு 4:1 பாலனையே நீட்டுவார்கள். பல பேண்டுகளில் ஓட்டும்போது லைனின் அடியில் 20 ஓமும் வரலாம், 2000 ஓமும் வரலாம். 4:1 பாலன் அந்த 20-ஐ 5 ஆக்கிவிடும், அவ்வளவு தாழ்ந்த இம்பீடன்ஸில் ட்யூனரின் இழப்பு ஏறும். ஆகவே 1:1 கரன்ட் பாலனே என் தேர்வு. பெரிய ஃபெரைட் வளையத்தில், 31 அல்லது 43 கலவை, பத்துப் பன்னிரண்டு சுற்று மெல்லிய கோஆக்ஸைச் சுற்றினால் போதும், வீட்டிலேயே செய்யலாம். ட்யூனரிலிருந்து பாலன் வரை உள்ள கோஆக்ஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒரு மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ட்யூனருக்குள்ளேயே 4:1 பாலன் வைத்து வந்திருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தொடங்குவதற்கு அது போதும். ஏதாவது பேண்டில் அது சூடாகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

படி 4: ட்யூன் செய்வது

கைமுறை ட்யூனர்களில் பெரும்பாலானவை டி வடிவச் சுற்று: இரண்டு பக்கமும் மாறும் கபாசிட்டர், நடுவில் தரைக்கு இண்டக்டர். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கேட்கும் நிலையில், ஒலிபரப்பாமல் செய்யுங்கள். இரண்டு கபாசிட்டர்களையும் நடுவில் வைத்துவிட்டு இண்டக்டரை மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் இரைச்சல் திடீரென்று ஏறும். அங்கே நிறுத்தி, கபாசிட்டர்களை ஒவ்வொன்றாகத் திருப்பி இரைச்சலை உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். பாதிக்கு மேல் வேலை இதிலேயே முடிந்துவிடும், ரிக்குக்கும் ஆபத்தில்லை. அடுத்தவர்களுக்கும் தொந்தரவில்லை.

பிறகு ரிக்கின் சக்தியை 10 வாட் அல்லது அதற்கும் கீழே இறக்குங்கள். உங்கள் உரிமம் அனுமதிக்கும் எல்லைக்குள் காலியான ஓர் அதிர்வெண்ணைத் தேடி, யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, நிலையான கேரியர் (குரல் கலக்காத வெறும் அலை) ஒன்றை விடுங்கள். சி.டபிள்யூ (மோர்ஸ்), ஏ.எம் அல்லது எஃப்.எம் இதற்கு ஒத்துவரும். திரும்பும் சக்தி குறையும்படி ஒரு கபாசிட்டர், அப்புறம் மற்றது என்று மாறி மாறித் திருத்துங்கள். இண்டக்டரை மாற்ற வேண்டியிருந்தால் கேரியரை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். சக்தி ஓடும்போது சுவிட்சைத் திருப்பினால் பொறி பறந்து தொடுமுனை கருகும்.

1:1 வந்ததும் விட்டுவிடாதீர்கள். டி சுற்றில் ஒரே இம்பீடன்ஸுக்குப் பல இடங்களில் பொருத்தம் கிடைக்கும், அவற்றில் சில ட்யூனருக்குள்ளேயே நிறைய சக்தியைத் தின்பவை. கபாசிட்டர்களின் கொள்ளளவு எவ்வளவு கூடுதலாக, இண்டக்டன்ஸ் எவ்வளவு குறைவாக இருக்கும்படி பொருத்தம் கிடைக்கிறதோ அதுவே நல்ல இடம். இண்டக்டரில் ஒரு படி குறைத்து, கபாசிட்டர்களைக் கூட்டி மறுபடி முயலுங்கள். கிடைத்தால் இன்னும் ஒரு படி. கிடைக்காமல் போனதும் முந்தைய இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். குமிழில் எண் பெரிது என்றால் கொள்ளளவும் பெரிது என்று எல்லா ட்யூனரிலும் சொல்ல முடியாது, சிலவற்றில் தலைகீழ். கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிடைத்த மூன்று எண்களையும் அதிர்வெண்ணோடு எழுதி ட்யூனர் மேலேயே ஒட்டுங்கள். 40 மீட்டர்போன்ற பேண்டுக்குத் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் எடுப்பது நல்லது. அடுத்த முறை குமிழ்களை அந்த எண்களில் வைத்தால் காற்றலையில் சில நொடிகளே செலவாகும்.

1.5 வந்தால் போதும் என்பது என் கருத்து. 1.5-க்கும் 1.0-க்கும் உள்ள வேறுபாட்டை எதிர்முனையில் எவராலும் கேட்க முடியாது. இன்றைய ரிக்குகள் பொதுவாக 2:1-க்கு மேல் போனால்தான் தம்மைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைக்கத் தொடங்கும்.

தானியங்கி ட்யூனர் என்றால் பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் ரிக்கோடு வரும் உள் ட்யூனர் 3:1 வரைக்குமானது, லேடர் லைனுக்கு அது போதாது. வெளியே வைக்கும் அகன்ற வீச்சு ட்யூனர் வேண்டும்.

படி 5: சக்தியை ஏற்றிப் பார்ப்பது

10 வாட்டில் எல்லாம் சரியாக இருந்தால் 50, அப்புறம் 100 என்று ஏற்றுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் நிலையாக நிற்க வேண்டும். பத்து நிமிடம் பேசிவிட்டு, ஒலிபரப்பை நிறுத்தியபின் பாலனைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அங்கேதான் உங்கள் வாட்கள் போகின்றன.

பேசும்போது எஸ்.டபிள்யூ.ஆர் திடீரென்று துள்ளினால், அல்லது ட்யூனருக்குள் சடசடவென்று சத்தம் கேட்டால், கபாசிட்டர் தகடுகளுக்கு நடுவே பொறி தாவுகிறது. 3000 ஓமில் 100 வாட் என்பது உச்சத்தில் 770 வோல்ட்டுக்கு மேல். சக்தியைக் குறைத்துவிட்டு, கூடுதல் கொள்ளளவு உள்ள வேறு பொருத்தத்தைத் தேடுங்கள்.

மைக்கைத் தொட்டால் சுருக்கென்று சுடுகிறது, கணினி தொங்குகிறது, ஸ்பீக்கரில் உங்கள் குரலே உடைந்து கேட்கிறது என்றால் லைனின் சமநிலை கெட்டு, ஆர்.எஃப் (ரேடியோ அலைச் சக்தி) அறைக்குள் வருகிறது. கைகளின் நீளம், லைன் எதையாவது உரசிப் போகிறதா, பாலனில் சுற்றுகள் போதுமா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

மழையில் ஜன்னல் வகை லைனின் பொருத்தம் கொஞ்சம் நகரும், அது இயல்பு. குமிழைச் சற்றுத் திருத்தினால் போதும். இடி மின்னல் நேரத்தில் ஒலிபரப்புவதை விடுங்கள், லைனையே ட்யூனரிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே தரையோடு சேர்த்துவிட வேண்டும். மேகம் கறுக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை அது.

ஒரு பேண்ட் மட்டும் பிடிவாதம் பிடித்தால்

எல்லாப் பேண்டும் ட்யூன் ஆகி, ஒன்று மட்டும் எந்த இடத்திலும் பொருந்தவில்லை என்றால் ட்யூனரை மாற்ற ஓடாதீர்கள். அந்தப் பேண்டில் லைனின் அடியில் வந்து நிற்கும் இம்பீடன்ஸ் ட்யூனரின் வீச்சுக்கு வெளியே விழுகிறது, அவ்வளவுதான். இம்பீடன்ஸை அளக்கும் நேனோவிஎன்ஏ போன்ற கருவி கையில் இருந்தால் லைனின் அடியில், பாலனுக்குப் பின்னால் அளந்து பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் ஓம் காட்டினால் அதுதான் காரணம். கருவி இல்லாவிட்டாலும் மருந்து ஒன்றே: லைனில் இரண்டு மீட்டர் துண்டு ஒன்றைச் சேருங்கள், அல்லது அதே அளவு குறையுங்கள். இம்பீடன்ஸ் வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். வேறு ஏதாவது பேண்ட் இதனால் கெட்டால் ஒரு மீட்டரை வைத்து முயலுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நீளம் ஒத்துவராத இடங்களும் உண்டு. அங்கே அந்தத் துண்டை வாழைப்பழப் பிளக்கோடு தனியாக வைத்துக்கொண்டு, தேவைப்படும் பேண்டில் மட்டும் நடுவில் செருகிக்கொள்ளலாம். எந்தப் பேண்டுக்குத் துண்டு வேண்டும் என்பதையும் ட்யூனர் மேல் ஒட்டிய அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.